தூக்காதீர்கள், உருட்டுங்கள்
(சங்கப் பொதுக்கூட்டத்தில், செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்பு உறுப்பினர் பேசியது)

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் பல வீடுகளில் 60 வயது தாண்டிவிட்டது. அவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டே நழுவலாம். எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நின்றுகொள்ளுங்கள். அவருடைய எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, அந்தப் பக்கக் கையை மார்பின் மேல் வையுங்கள். உங்கள் ஒரு கை அவர் தோளில், இன்னொன்று இடுப்பில். கால்களை அகட்டி, ஒன்றை முன்னே வைத்து, முழங்காலைத்தான் மடக்க வேண்டும், முதுகை அல்ல. உங்கள் எடையைப் பின்காலுக்கு மாற்றுங்கள். அவர் உங்கள் பக்கம் உருண்டு வருவார். நிஜமாகவே பலம் தேவையில்லை.

தலைமாட்டுப் பக்கம் நகர்த்த இரண்டு பேர் வேண்டும். பழைய பருத்திப் புடவையை மடித்து, தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்து, இருபுறமும் சுருட்டிப் பிடித்து நகர்த்துங்கள். படுக்கையில் தரதரவென்று இழுத்தால் தோல் உரியும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். முழுக்க ஒருக்களிக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். குதிகால் மெத்தையில் படாமலிருக்க, கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை. நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் அதுவே படுக்கைப் புண்ணின் தொடக்கம். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம்; சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அது தடுக்கும்.

சரி, யாராவது இந்தப் பெஞ்சில் வந்து படுங்கள். செய்து காட்டுகிறேன்.