மார்ச் மாதத்து மெர்சிங்

ஜொகூரின் கிழக்குக் கரையில், தென் சீனக் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர் மெர்சிங். தியோமான் தீவுக்குப் படகேறும் துறை இது. பருவமழைக் காலத்தில் முடங்கும் படகுப் போக்குவரத்து மார்ச்சில் மறுபடி சூடுபிடிக்கும். வானத்தை மட்டும் அப்போதும் நம்ப முடியாது.

நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் வரை நீடிக்கிறது. வட ஆசியாவில் குளிர்காற்று திரண்டு தெற்கே பாயும்போதெல்லாம், நேற்று பளிங்காய்க் கிடந்த கடல் இன்று கொந்தளிக்கும்.

2023 மார்ச் தொடக்கத்தில் பெய்த மழை ஜொகூரையே புரட்டிப்போட்டது. மாநிலம் முழுவதும் 40,000-க்கும் மேற்பட்டோர் துயர் துடைப்பு மையங்களில் தஞ்சமடைந்தார்கள். மெர்சிங்கும் தப்பவில்லை. பருவமழை ஓய்ந்தது என்று மக்கள் நிம்மதியடையும் வேளையில் வந்த வெள்ளம் அது. அதனாலேயே கூடுதலாக வலித்தது.

ஏப்ரலில் காற்று தளர்ந்து, திசை மாறி மாறி வீசும். காலையில் வெயில் சுடும், பிற்பகலில் இடியோடு மழை கொட்டும்.

மெர்சிங்கில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது. அதனால் படகு புறப்படும் நேரம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். தீவுக்குக் கிளம்புகிறவர்கள் அந்த நேரத்தோடு, மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கையையும் காலையிலேயே பார்த்துவிட வேண்டும்.