சீனக் கம்பெனிகள்: சோஷலிசமா, முதலாளித்துவமா?

(நாகர்கோவிலில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சீனாவில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி நடக்கிறது. அப்படியானால் அங்குள்ள அலிபாபா, டென்சென்ட், ஹுவாவே ஆகியவை சோஷலிசக் கம்பெனிகள்தானே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அங்கே கோடீஸ்வரர்கள் இருக்கிறார்களே, அது முதலாளித்துவம்தானே என்று வேறு சிலர் கேட்கிறார்கள்.

கொடியின் நிறத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நாஞ்சில் நாட்டில் ஒரு வயல் யாருடையது என்று அறிய, கும்பப்பூ அறுவடை முடிந்து நெல் யாருடைய பத்தாயத்துக்குப் போகிறது என்றுதானே பார்க்கிறோம்? இங்கும் அப்படியே பார்ப்போம். சொத்து யாருடையது? லாபம் யாருக்கு? வேலை நேரத்தையும் கூலியையும் தீர்மானிப்பவர் யார்?

அலிபாபா 1999ல் தனியார் தொடங்கிய கம்பெனி. 2014ல் நியூயார்க் பங்குச் சந்தையில் பங்குகளை விற்று 2,500 கோடி டாலர் திரட்டியது. டென்சென்டின் மிகப் பெரிய பங்குதாரர் தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ் குழுமம். ஹுவாவேயின் பங்குகள் ஏறக்குறைய முழுவதும் அதன் தொழிற்சங்கக் கமிட்டியின் பேரில் இருக்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊழியர் கையில் இருப்பது லாபத்தில் பங்கு தரும் உரிமை மட்டுமே. முக்கியமான முடிவுகளைத் தடுக்கும் அதிகாரம் நிறுவனர் ரென் ஜெங்ஃபெய்யிடம் இருக்கிறது.

வேலை நேரம் என்ன? 1994ம் ஆண்டுச் சீனத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம் என்கிறது. இந்தக் கம்பெனிகள் பலவற்றிலோ காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்தில் 6 நாள் வேலை வாங்கினார்கள். வாரத்துக்கு 72 மணி! 2019ல் இதைப் பெரும் பாக்கியம் என்று சொன்னார் அலிபாபா நிறுவனர் ஜாக் மா. அவர் கட்சி உறுப்பினரும்கூட!

அதே சமயம் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. சீனாவில் நகர நிலம் அரசுடையது. பெரிய வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் அரசுடையவை. 2020 நவம்பரில் ஜாக் மாவின் ஆன்ட் கம்பெனியின் பங்கு விற்பனையை அரசு நிறுத்தியது. 2021 ஏப்ரலில் அலிபாபாவுக்கு 1,800 கோடி யுவானுக்கு மேல் அபராதம் விதித்தது. அந்த 72 மணி வேலை சட்டவிரோதம் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச மக்கள் நீதிமன்றம் அறிவித்தது. மூலதனத்தின் மூக்கணாங்கயிறு அங்கே அரசின் கையில் இருக்கிறது.

ஆனால் அரசின் கை என்றால் தொழிலாளியின் கை என்று ஆகிவிடுமா? நமது மாவட்டத்தையே பாருங்கள். கீரிப்பாறை, மணலோடைப் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரின் மறுவாழ்வுக்காக வளர்க்கப்பட்டவை. 1984 முதல் அவை அரசு ரப்பர் கழகத்தின் கீழ் இருக்கின்றன. அங்கே தனி முதலாளி கிடையாது. ஆயினும் பால்வெட்டுத் தொழிலாளர்கள் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நிர்வாகத்துக்கு எதிரே நிற்க அவர்களுக்குச் சங்கம் இருந்தது. 2018ல் ஷென்ஜென் நகரில் ஜாசிக் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்றபோது வேலைநீக்கமும் கைதும் அவர்களுக்குக் கிடைத்தன. அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்க்சிய மாணவர்களும் பிடித்துச் செல்லப்பட்டார்கள்.

ஆகவே, தோழர்களே, இந்தக் கம்பெனிகளுக்குள் நடப்பது கூலி உழைப்பு. அதன் லாபம் பங்குதாரருக்குப் போகிறது. இது முதலாளித்துவ உற்பத்தி. அதன் மேல் வலிமையான அரசுக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதும் உண்மை. 1921ல் புதிய பொருளாதாரக் கொள்கையைக் கொண்டுவந்த லெனின், அரசு முதலாளித்துவத்தை அந்தப் பெயராலேயே அழைத்தார். அதற்குச் சோஷலிசம் என்று பெயர் சூட்டவில்லை.

நாளை உங்கள் ஊருக்கு எந்த நாட்டுக் கம்பெனி வந்தாலும், எந்தக் கொடி பறந்தாலும், அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மூன்றுக்கும் "தொழிலாளி" என்ற பதில் வரும் இடத்தில்தான் சோஷலிசம் இருக்கிறது.