விளக்கைப் பட்டனாக மாற்றினோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"படுத்த படுக்கையா இருக்கிற பெரியவங்களை விட்டுட்டு எப்படித் தொழில் பார்க்கிறது?" என்று போன கூட்டத்தில் பலரும் கேட்டீர்கள். எங்கள் குழுச் சகோதரி ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம்.

அவருடைய மாமியாருக்குப் பக்கவாதம். குரல் எழும்பாது. சகோதரி வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் தைத்துக்கொண்டிருப்பார். மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது. பாலிடெக்னிக் படிக்கும் மகள், தான் செய்த சின்ன வைஃபை விளக்கைப் பாட்டி கட்டிலில் பொருத்தினாள்.

அது ஈஎஸ்பி32 என்ற போர்டு. தீப்பெட்டி அளவுதான். அதில் மைக்ரோ கன்ட்ரோலர் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. செல்போன் சார்ஜரின் 5 வோல்ட் போதும். கூடவே ஒரு எல்.இ.டி. விளக்கு, ஒரு சுவிட்ச். பழைய கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டு, "விளக்கு எரிந்தால் கொட்டகையில் உள்ள பஸரை அடி" என்று சொல்லி வைத்தாள். பஸரும் இன்னொரு போர்டில்தான் இருந்தது.

முதல் நாள் நன்றாக வேலை செய்தது. மறுநாள் பாட்டி அழுத்தினார், பஸர் அடித்தது. மருமகள் ஓடி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். விளக்கு எரிந்தபடியே இருந்தது. அரை மணி கழித்துப் பாட்டி மறுபடியும் அழுத்தினார். விளக்கு அணைந்தது. பஸர் அடிக்கவே இல்லை! மருமகள் வந்து பார்த்தபோது படுக்கை நனைந்திருந்தது. "இனிமே நான் யாரையும் கூப்பிடலம்மா" என்று அழுதுவிட்டார். அது எங்கள் எல்லோருக்கும் மனசைப் பிசைந்துவிட்டது.

கோளாறு எங்கே? குழுவில் உட்கார்ந்து யோசித்தோம். விளக்கு, நம் கணக்கு நோட்டு மாதிரி. எரிகிறதா, அணைந்ததா என்ற நிலையை அப்படியே வைத்திருக்கும். பட்டன், கதவைத் தட்டுகிற மாதிரி. தட்டினால் தட்டியதோடு சரி. அடுத்த தட்டு புதுத் தட்டு. நமக்கு வேண்டியது கதவைத் தட்டுவது. நாம் வைத்ததோ கணக்கு நோட்டு!

பெட்டியை மாற்றவில்லை, புரோகிராமை மட்டும் மாற்றினோம். ஈஎஸ்பிஹோம் என்ற இலவச சாப்ட்வேரில் சில வரிகள்தான்.

1. சுவிட்சை அழுத்தினால் முன்பு விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தது. இப்போது "எரி" என்று மட்டும் சொல்லும்.

2. எரிந்த அரை விநாடியில் விளக்கு தானே அணைந்துவிடும். அதனால் அடுத்த அழுத்தம் புது அழைப்பாகவே போகும். கை நடுங்கி இரண்டு தரம் அழுத்தினாலும் அழைப்பு அழியாது.

3. கரண்ட் போய் வந்தால் விளக்கு அணைந்த நிலையில்தான் தொடங்க வேண்டும் என்று எழுதினோம். இல்லாவிட்டால் யாரும் அழுத்தாமலே பஸர் அடிக்கலாம்.

இப்போது பார்ப்பதற்கு அது விளக்கு. செய்வது பட்டன் வேலை. பாட்டிக்கும் விளக்கு மினுக்குவது தெரிவதால், அழுத்தம் விழுந்தது என்று ஒரு தைரியம்.

செய்ய விரும்பும் சகோதரிகள் சிலவற்றைக் கவனியுங்கள். இந்தப் போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேண்டும். இன்டர்நெட் நின்றாலும் வீட்டு வைஃபையும் கம்ப்யூட்டரும் ஓடினால் பஸர் அடிக்கும். ஆனால் கரண்ட் போச்சுன்னா எல்லாமே நின்றுவிடும். அதனால் கட்டிலருகே ஒரு கைமணியும் இருக்கட்டும். அந்த நேரத்தில் அடிக்கடி எட்டிப் பாருங்கள். தினமும் காலையில் ஒரு தடவை அழுத்திச் சோதியுங்கள். வீட்டு 230 வோல்ட் லைனை இந்தப் போர்டில் நேரடியாகக் கொடுக்கவே கூடாது.

சகோதரிகளே, புரோகிராம் என்றதும் "நமக்கெதுக்கு இது" என்று நாங்களும் பயந்தோம். எழுதியது மகள்தான். ஆனால் எங்கே தப்பு, என்ன வேண்டும் என்று கண்டுபிடித்தது, அந்தப் படுக்கையைத் துவைத்த நாம்தான்.

பாட்டி இப்போது மறுபடியும் கூப்பிடுகிறார். அதுதான் எங்களுக்குக் கிடைத்த லாபம்.