மலைச் சாலையில் நடப்பவருக்கு இடம்

நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு



தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவாக அமைந்த மேடை இது. இலக்கியமும் மொழியும் பேசப்படும் இந்த மேடையில் நான் சாலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தால்தான் ஆசிரியருக்குப் பாடம் நடத்த முடியும். ஆகவே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பள்ளிக்கூடம் வரையிலான வழியைப் பற்றிப் பேசுவதும் கல்வியைப் பற்றிப் பேசுவதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையேறி வந்து, பார்த்துவிட்டுத் திரும்பும் வாகனத்தை மனத்தில் வைத்தே மலேசியாவின் கேமரன் மலைச் சாலைகள் பேசப்படுகின்றன, அகலமாக்கப்படுகின்றன. இங்கேயே பிறந்து, உழைத்து, நடக்கிறவரை மனத்தில் வைத்து அவற்றைத் திட்டமிட வேண்டிய காலம் வந்துவிட்டது.

1. கொழுந்துக்காக வெட்டிய வழி

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்தப் பீடபூமியைக் கண்டு குறித்தார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெரிய வேலை எதுவும் நடக்கவில்லை. 1925-இல் பிரித்தானிய ஆட்சி அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்துவிட்டு, இங்கே மலைவாசத்தலம் அமைக்க முனைந்தார். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை போடப்பட்டது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. காடழித்து, சரிவில் கன்று நட்டு, கொழுந்து கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்துச் சாலைகள் ஒரே நோக்கத்துக்காக வெட்டப்பட்டவை. கிள்ளிய கொழுந்து கெடுவதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு லோரி போகும் அகலம் அதற்குப் போதும். ஒருபுறம் வெட்டிய மண்சுவர், மறுபுறம் பள்ளம். நடப்பவருக்கென்று தனி ஓரம் யாரும் விடவில்லை. அன்று அது பெரிய குறையாகவும் தெரிந்திருக்காது. எப்போதாவது ஒரு லோரி வரும், ஒதுங்கி நிற்பார்கள். மற்ற நேரமெல்லாம் சாலை முழுவதும் நடப்பவருடையதுதான்.

பிறகு தாப்பா வழியோடு, ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு இன்னொரு பெருவழி திறந்தது. கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் பெருகின. தோட்டத்துச் சாலையின் அகலமோ லோரிக்கால அகலமாகவே இருக்கிறது.

2. பள்ளி விடுமுறையில் ஒரு நடை

பள்ளி விடுமுறையிலோ நீண்ட வார இறுதியிலோ சுங்கை பாலாஸ் தோட்டத்துச் சாலையில் நின்று பாருங்கள். தேநீர் அருந்த வருகிறவர்களுக்கும், 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பிரிஞ்சாங் மலைக்குப் போகிறவர்களுக்கும் அதுவே வழி. எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். அந்த நேரத்தில் ஓரமாக நடந்து வருகிறவர் எங்கே ஒதுங்குவார்? ஒன்று திறந்து கிடக்கும் கால்வாய், இல்லையென்றால் தேயிலைச் செடி. மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் வளைவுக்கு அப்பால் ஆள் வருவதே ஓட்டுநருக்குத் தெரியாது. ஹாபுவிலிருந்து போ தோட்டத்துக்குள் வளைந்து போகும் சாலையின் நிலையும் இதுதான்.

59ஆம் எண் கூட்டரசு சாலை ரிங்லெட், தானா ராட்டா, பிரிஞ்சாங் என்று ஊர்களின் நடுவாகவே போகிறது. கடையும் பள்ளியும் அதையொட்டியே இருக்கின்றன. சாலையைக் கடக்காமல் ஒருவர் ஒரு நாளைக் கழிக்க முடியாது.

நடக்க வழி இல்லாதபோது குடும்பம் மோட்டார் சைக்கிளை நம்புகிறது. முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பாதுகாப்பான நடைபாதை ஒன்று இருந்தால், அருகிலுள்ள பள்ளிக்கும் கடைக்கும் இந்தப் பயணங்களில் பல தேவைப்படாமலே போகும்.

2010 டிசம்பர் 20 அன்று சிம்பாங் பூலாய் வழியில் தாய்லாந்துச் சுற்றுலாப் பயணிகள் வந்த பேருந்து கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடே அதிர்ந்தது, விசாரணை நடந்தது. அது நடக்க வேண்டியதே. ஆனால் கால்வாயில் விழுந்து கால் முறிந்த கிழவிக்கும், கண்ணாடி உரசிக் கை வீங்கிய சிறுவனுக்கும் எந்த விசாரணையும் இல்லை. இத்தகைய விபத்துகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவாகாத விபத்துக்கு எந்த அதிகாரியும் பணம் ஒதுக்குவதில்லை.

3. ஒரு பிள்ளை, மூன்று உடைமையாளர்

இந்தச் சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. லயத்திலிருந்து புறப்படும் பிள்ளை முதலில் கம்பெனிக்குச் சொந்தமான தோட்டத்துச் சாலையில் நடக்கிறது. அடுத்து மாவட்ட மன்றத்தின் பொறுப்பிலுள்ள சாலை. பிறகு பொதுப்பணித் துறை பராமரிக்கும் கூட்டரசு சாலை. மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி மானியம் வருகிறது. சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான் அந்தப் பணம். தனியார் தோட்டத்துச் சாலை அதில் இல்லை. ஒவ்வோர் அலுவலகமும் தன் எல்லை வரை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டால், எல்லைகள் சந்திக்கும் முச்சந்தி யாருக்கும் சொந்தமில்லாமல் போகிறது. ஆபத்து மிகுந்த இடமும் பெரும்பாலும் அந்த முச்சந்திதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கேமரன் மலையின் காட்டுப் பாதைகளுக்கு எண்கள் உண்டு. பயணிகள் கையில் வரைபடம் உண்டு. 1967-இல் தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் தானா ராட்டாவில் நடக்கப் போய்க் காணாமல் போனபோது, காட்டைச் சல்லடையாகச் சலித்துத் தேடினார்கள். உலகம் இன்றும் அதைப் பேசுகிறது. தேயிலைச் சரிவில் லயத்துக்கும் ஊருக்கும் இடையே தலைமுறைகள் நடந்து தேய்த்த குறுக்குப் பாதைகளோ எந்த வரைபடத்திலும் இல்லை.

4. மற்ற மலைகள் செய்தவை

இலங்கையில் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே தேயிலை மலைகளின் ஊடாக, 300 கிலோமீட்டருக்கும் மேலாக, 22 கட்டங்களாக ‘பெக்கோ’ நடைப்பாதை அமைந்திருக்கிறது. புதிதாகக் காடு வெட்டவில்லை. தேயிலை சுமந்த பழைய தோட்டத்து வழிகளையே இணைத்து, அடையாளப் பலகை வைத்தார்கள். பல தோட்டங்கள், பல நிர்வாகங்கள். ஆனாலும் பாதை ஒன்றாயிற்று. நம் சிக்கல் தீர்க்க முடியாதது அல்ல என்பதற்கு அதுவே சான்று.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு, சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். மலைக்கும் ஒரு கொள்ளளவு உண்டென்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்போரும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்றது. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்போகும் விபத்தின் வாய்ப்பு 4 விழுக்காடு கூடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் நாட்டுப் பள்ளி வட்டாரங்களில் இந்த 30 ஏற்கெனவே சட்டம். அதை லயங்களின் முன்னும் நீட்டிக்கக் கேட்பது பெரிய கோரிக்கையா?

5. நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, சாலையோரக் கால்வாய்களுக்குக் கனமான கான்கிரீட் மூடி. இடமே இல்லாத மலைச் சாலையில் ஒரு மீட்டர் நடைபாதை கிடைக்க இதைவிட எளிய வழி இல்லை.

இரண்டாவது, குறுக்குப் பாதைகளுக்குப் படிக்கட்டு, கைப்பிடி, விளக்கு. ஆண்டில் பாதி நாள் மழை பெய்யும் மலையில் கைப்பிடி இன்றியமையாதது.

மூன்றாவது, விடுமுறைக் காலத்தில் தோட்டத்துச் சாலை வாயிலில் கார்களை நிறுத்திவிட்டு, சிறு பேருந்தில் பயணிகளை உள்ளே அழைத்துச் செல்வது.

நான்காவது, சைக்கிள். செங்குத்தான சரிவில் எல்லாரும் மிதிக்க முடியாது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஊர்களுக்குள்ளும், பள்ளியைச் சுற்றிச் சமமாக உள்ள துண்டுகளிலும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம் தரலாம். லங்காவி சைக்கிள் பந்தயம் இந்த மலையேறி வந்தபோது வீரர்களுக்காகச் சாலையை ஒழுங்குபடுத்தினோம். அந்த அக்கறையில் ஒரு பங்கு நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பிள்ளைகளோடு அவர்கள் பள்ளிக்கு வரும் வழியை நடந்து பார்க்கட்டும். பயந்த இடம், வழுக்கிய இடம், ஒதுங்க இடமில்லாத வளைவு என்று எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்கட்டும். சிறு காயமானாலும் நாளும் இடமும் எழுதி வைக்கட்டும். பிறகு கம்பெனி மேலாளரையும், மாவட்ட மன்றத்தாரையும், பொதுப்பணித் துறைப் பொறியாளரையும் பள்ளிக்கு அழைத்து, ஒரே மேசையில் அந்த வரைபடத்தை விரிக்கட்டும். ‘இது என் எல்லை இல்லை’ என்று அந்த மேசையில் சொல்வது எவருக்கும் கடினம்.

இங்குள்ள பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பள்ளிப் பருவம் தொடங்குவதற்குள் அந்த வரைபடத்தை வரைந்துவிடுங்கள். ஆசிரியர்கள் உடன் நடக்கட்டும்.