விடைபெறும் குரலும் விட்டுச்செல்லும் பாடல்களும்



வானொலி அறிவிப்பாளரின் கலை காற்றில் எழுதப்படும் கலை. கவிஞன் மறைந்தாலும் ஏடு நிற்கும். சிற்பி மறைந்தாலும் கல் நிற்கும். அறிவிப்பாளரோ ஒலிவாங்கியை விட்டு எழுந்ததும், அவர் நாற்பது ஆண்டுகள் பேசியவற்றுள் பெரும்பகுதி கேட்டவர் நெஞ்சில் மட்டுமே எஞ்சுகிறது. அவ்வாறு விடைபெறும் ஒருவர் தம் நேயர்களுக்கு எதைக் கொடுத்துச் செல்ல இயலும்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது அமீன் சயானியின் வாழ்வு.

1952ஆம் ஆண்டு இந்தியாவின் தகவல், ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுப்பதாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்குரிய நேரம் சுருங்கியது. சில காலம் அவை அறவே ஒலிக்காமலும் போயின. பாடல்களை இழந்த செவிகள் கொழும்பின் பக்கம் திரும்பின. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்கென அமைத்த ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. அந்நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பு தமிழகத்தின் சிற்றூர்களையும் எட்டியதை இந்த அவையில் பலர் அறிவர். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் தமிழ் நேயர் நெஞ்சில் பெற்ற இடத்தை, அதே நிலையத்தின் இந்தி ஒலிபரப்பின்வழி வட இந்தியாவில் பெற்றவர் சயானி.

1952 டிசம்பர் 3 அன்று 'பினாக்கா கீத்மாலா' முதன்முதலாக ஒலித்தது. பற்பசை நிறுவனம் ஒன்றின் ஆதரவில் பம்பாயில் பதிவாகிக் கொழும்புக்கு அனுப்பப்பட்ட நிகழ்ச்சி அது. சயானிக்கு இருபது வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. ஊதியம் வாரத்துக்கு 25 ரூபாய். அத்தொகைக்கு எழுதுவதும் பேசுவதும் மடல்களைப் பிரித்துப் பார்ப்பதும் அவர் கடமை. முதல் ஒலிபரப்புக்கே 9,000 மடல்கள் வந்தனவென்றும், பின்னர் அவை வாரத்துக்கு 65,000 வரை பெருகினவென்றும் அவர் நினைவுகூர்ந்ததுண்டு.

1954 முதல் நிகழ்ச்சி தரவரிசை வடிவம் கொண்டது. பாடல்கள் நிற்கும் இடங்களை வெறும் எண்களாக அவர் கூறவில்லை. 'பாய்தான்', அதாவது படி என்றார். பாடல் படியேறியது, படியிறங்கியது. ஒரு சொல்லால் ஒரு கணக்குப் பட்டியல் மாளிகையாகிவிட்டது. கவிஞர்கள் கருதத்தக்க செய்தி இது.

அவர் மொழியின் எளிமைக்கு வேர் இல்லத்தில் இருந்தது. அன்னையார் குல்சும் சயானி, காந்தியடிகளின் ஊக்கத்துடன், புதிதாக எழுத்தறிந்தோர்க்கென 'ரஹ்பர்' என்னும் இதழை நடத்தினார். ஒரே இந்துஸ்தானி மொழி நாகரி, உருது, குசராத்தி என்னும் மூன்று எழுத்துகளில் அச்சாயிற்று. அந்த இதழ்ப் பணியில் சிறுவயதிலேயே உதவிய மைந்தர், எவருக்கும் விளங்கும் சொல்லே நல்ல சொல் என்று கற்றார். 'பெஹ்னோ அவுர் பாய்யோ' என்று சகோதரிகளை முதலிலும் சகோதரர்களைப் பின்னரும் அழைத்த அவ்விளி, நாட்டின் செவியில் நிலைத்தது.

இனி, கருதவேண்டிய இடத்துக்கு வருவோம். வாரந்தோறும் அவர் அறிவித்த வரிசை அவருடைய விருப்பம் அன்று. இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் கருத்தும் சேர்ந்து வகுத்த வரிசை அது. 1953ஆம் ஆண்டின் இறுதிப் பட்டியலில் 'அனார்கலி' படப் பாடல் ஒன்று முதலிடம் பெற்றது. பின்னர் தமிழில் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னுக்கு (1958) இசை தந்த சி. ராமச்சந்திராவே அதன் இசையமைப்பாளர். அந்த முடிசூட்டலை அறிவித்தது சயானியின் குரல். முடியைத் தந்தது மக்களின் கை. பிறர் விருப்பத்தைத் தம் விருப்பம்போல் மகிழ்ந்து சொல்வதற்குத் தன்னடக்கம் வேண்டும். அவ்வடக்கத்தைப் பல்லாண்டு காத்தவர் அவர்.

நிகழ்ச்சி 1989இல் விவித் பாரதிக்கு மாறி, 1994 அளவில் ஓய்ந்தது. பின்னர் சிறிது காலம் வேறு வடிவில் தொடர்ந்தது. வாரக் குரல் ஓய்ந்தபின் அவர் இசைத்தொகுப்புகளின் வழியே நேயர்களிடம் திரும்பி வந்தார். 'கீத்மாலாவின் நிழலில்' என்று பொருள்படும் தலைப்பில் சரிகம நிறுவனம் வெளியிட்ட தொகுப்புகளில், பழைய பாடல்களோடு அவற்றைச் சூழ்ந்த நினைவுகளையும் கலைஞர்களைப் பற்றிய செய்திகளையும் தம் குரலிலேயே கோத்துத் தந்தார். 2017இல் அதே நிறுவனம் 'கார்வான்' என்னும் கருவியை வெளியிட்டபோதும் கீத்மாலா அதில் இடம்பெற்றது. படியெண் அறிவித்தவர் இப்போது பாடலின் கதையைச் சொன்னார். வரிசைக்குக் காலம் முடிந்தது, பாடலுக்கு முடியவில்லை.

பெரும்பான்மையோர் விருப்பத்தை எண்ணுவது கலைக்கு அளவுகோலாகுமா என்று வினவுவோர் உண்டு. நியாயமான வினாவே. இசைத்தட்டுகளை மொத்தமாக வாங்கிக் கணக்கை உயர்த்த முயல்வோர் இருக்கும்போது, எண்ணிக்கை பொய் சொல்லவும் கூடும். சுவையைச் சட்டத்தால் வளர்க்க முனைந்த அமைச்சரின் வழியோ அதனினும் தோற்றது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கித் திரைப்பாடல்களை மீண்டும் அழைக்கவேண்டி வந்தது. தடையும் தலைக்கணக்கும் தரமுடியாத ஒன்றை, அன்போடு கேட்டு அன்போடு எடுத்துச்சொல்லும் ஒரு மனிதர் தரமுடியும். "இதைக் கேளுங்கள், இதன் பின்னே இவ்வளவு இருக்கிறது" என்று கைப்பிடித்து அழைத்துச் செல்வதே அவர் செய்த பணி.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்துக்கு இதில் ஒரு செய்தி உண்டு. கவியரங்கில் தம் கவிதையைப் படிப்போர் பலர். தாம் நேசித்த பிறர் கவிதையைக் கொணர்ந்து, அது ஏன் தம்மை ஆட்கொண்டது என்று சொல்வோர் சிலரே. முன்னதால் கவிஞர் வளர்வர். பின்னதால் கவிதை வாழும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் அவ்வாறு ஒரு கவிதையைக் கையளிப்பாராயின், அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்துக்குப் பெரும் செல்வம் சேரும்.

2024 பிப்ரவரி 20 அன்று, தொண்ணூற்றொன்றாம் வயதில், அமீன் சயானி மும்பையில் மறைந்தார். அவர் ஒரு பாடலும் எழுதவில்லை. ஒரு மெட்டும் அமைக்கவில்லை. ஆயினும் அப்பாடல்களை நினைப்போர் பலருக்கு அவர் குரலும் உடன் கேட்கிறது. பிறர் படைப்பை உண்மையாக நேசித்தவருக்குக் கலை தரும் இடம் அது.