முன்னாள் வீரர்களின் வலியும் கஞ்சா எண்ணெயும்

பத்து காஜாவிலுள்ள 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' மயானத்தில் ஜூன் மாதந்தோறும் அஞ்சலி நடந்து வருகிறது. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் மடிந்தவர்கள் அங்கே உறங்குகிறார்கள். மடிந்தவர்களுக்கு மலர்வளையம் உண்டு. பிழைத்து வந்த வீரர்களின் முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும்? கோடாலித் தைலமும் மாத்திரையும்தான்!

இவர்களைத் தேடித்தான் இன்று 'சிபிடி' எண்ணெய் வருகிறது. சிபிடி எனும் கன்னாபிடையோல், கஞ்சாச் செடியில் உள்ள பொருள். போதை தருவது டிஎச்சி என்ற வேறொன்று. சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு அமெரிக்கா 2018இல் சிபிடி மருந்தை அங்கீகரித்தது. வலிப்புக்குக் கேட்டது வலிக்கும் கேட்குமா?

டென்மார்க்கில் மூட்டு நோயாளிகள் 136 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு சிபிடி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது மருத்துவருக்கே தெரியாது. முடிவில் வலி குறைந்ததில் வேறுபாடு இல்லை. கொடுத்தது நாளுக்கு 20, 30 மில்லிகிராம்தான். கூட்டிப் பார்க்கலாமே என்பது நியாயமான கேள்வி. தூக்கமும் கெட்டு, போர் நினைவும் வாட்டும் வீரரின் வலி வேறு. அவர்களிடமே சோதிக்க வேண்டும்.

பதிவு பெற்ற மருந்தாக, சட்டப்படி வந்தால் தடையில்லை என்று 2021இல் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் தெரிவித்தார். இணையத்தில் வாங்கும் புட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் பாயலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிற பெரியவருக்கு, மருந்தோடு மருந்து மோதும் ஆபத்தும் உண்டு.

கோலாலம்பூரில் துவாங்கு மிசான் இராணுவ மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஒரு முறையான சோதனை நடத்தும்படி முன்னாள் வீரர் சங்கங்கள் மனு கொடுக்கலாம்.