தமிழ்ப்பெயரைத் துண்டாடும் கருவிகள்

(தேவதானத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

  

தமிழாசிரியன் கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றானே என்று சிலர் வியக்கலாம். என்னிடம் நன்னூல் கற்ற மாணவரிடம் இன்று நான் கணிப்பொறி கற்கின்றேன். கற்றவற்றுள் ஒன்று நெஞ்சை உறுத்தியது. அதனைச் சொல்லவே வந்தேன்.

செய்யறிவு முகவன் என்பது வினாவுக்கு விடை சொல்வதோடு நில்லாது, நம் சார்பில் வினையும் ஆற்றும் நிரல். தென்னந்தோப்பு உழவர் ஒருவர்க்குக் காப்பீட்டுப் படிவத்தை அது நிரப்பி அனுப்புவதாகக் கொள்வோம். உழவர் புல எண்ணைத் தவறிச் சொல்லிவிட்டார். முகவன் மீண்டும் உசாவுமா, பிழையோடே அனுப்பிவிடுமா? பணிக்கு விடுமுன் இத்தகைய நிலைமைகளை நூற்றுக்கணக்கில் எழுதிவைத்து ஆய்தல் வேண்டும். ஒவ்வொன்றையும் தேர்வுக்காட்சி என்போம். எல்லாவற்றையும் ஒவ்வொருமுறையும் ஓட்டினால் பொழுதும் பொருளும் கரையும். ஆகவே ஆய்வோர் கட்டளை வரியில் எழுதி ஏவி, முதலில் பட்டியலைப் பார்ப்பர். பின்பு ‘தோப்பு’ என்னும் சொல்லுடைய காட்சிகளை மட்டும் வடித்தெடுத்து ஓட்டுவர்.

இம்முறை நமக்குப் புதிதன்று. அகநானூற்றைத் தொகுத்தோர் செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். ஒற்றைப்படை எண் பெற்ற இருநூறு பாட்டும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடியும் எண்பதும் குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை, ஆறில் முடிவன மருதம், பத்து இருபது என வருவன நெய்தல், வகைக்கு நாற்பது. எண்ணைச் சொன்னால் திணை வந்துவிடும். திணையைச் சொன்னால் பாட்டெல்லாம் வந்துவிடும். பதிற்றுப்பத்திலோ பாட்டுதோறும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என நான்கு குறிப்புகள். ஏட்டுச்சுவடிக் காலத்திலேயே வடிகட்டுதற்கு வழிசெய்து வைத்த இனம் இது!

இனி இன்றைய நிலைக்கு வருவோம். யூனிக்சு இயங்குதளத்திற்காகக் கென் தாம்சன் படைத்து 1973-இல் வெளிவந்த ‘கிரெப்’ என்னும் கருவி, கேட்ட எழுத்துக்கோவை உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். பைத்தான் நிரல்மொழியில் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவது ‘பைடெஸ்ட்’. எதனையும் ஓட்டாமல் பட்டியலை மட்டும் காட்டவும், பெயரிலுள்ள சொல்லைக்கொண்டு பிரிக்கவும் அதில் வழியுண்டு.

ஒரே ஆய்வைப் பல தரவுகளோடு ஓட்டும்போது, அத்தரவாலேயே காட்சிகள் பெயர்பெறும். அப்பெயர் தமிழாயின் பைடெஸ்ட் அதனை இயல்பாகத் தமிழில் காட்டுவதில்லை, குறியெண்களாக உருமாற்றிவிடும். ‘தோப்பு’ என்று தேடுவோர்க்குப் பட்டியலில் தோப்பே இராது. இவ்வுருமாற்றத்தை நிறுத்த அமைப்புக் கோப்பில் ஒருவரி சேர்க்கலாம். அவ்வரியின் பெயரைத் தமிழாக்கினால் என்ன வரும் தெரியுமா? ‘பெயர்மாற்றத்தை நிறுத்திக் குழுவினரின் உதவி பெறும் உரிமை அனைத்தையும் இழக்க’ என்று வரும்! நகைச்சுவையாக வைத்த பெயராகவும் இருக்கலாம். சில இயங்குதளங்களில் பிழை நேரும் என்று கரணியமும் சொல்கின்றனர். ஆயினும் தாய்மொழியில் பெயரிட்டவனுக்குத்தான் அவ்வரி.

அடுத்த கொடுமை இன்னும் நுண்ணியது. பைத்தானில் ‘சொல்லுக்குரிய எழுத்து’ என்று பொருள்படும் தேடற்குறி ஒன்றுண்டு. அது நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. ‘தமிழ்’ என்னும் சொல்லை அதனிடம் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என இரண்டு துண்டாக அறுத்துத் தரும். ஒருங்குறி அமைப்பே இக்குறிகளையும் சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைத்திருந்தும் இந்நிலை. மாறாக, எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலை முதலியோரின் ‘ஓப்பன்-தமிழ்’ நிரல்தொகுப்பு த, மி, ழ் என்று முறையாகவே பிரித்துத் தருகின்றது. தொல்காப்பியம் கற்றவனுக்கு வேறென்ன விடை வரும்?

மூன்றாவது தவறு நம்முடையது. ‘தோ’ என்பதை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ஓகாரக் குறியை ஒன்றாக இடலாம், ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கிரெப்புக்கு வேறு வேறு. ஒருவர் ஒருவகையிலும் மற்றொருவர் மறுவகையிலும் எழுதினால், பாதித் தோப்பு வடிகட்டியில் சிக்காது. ஒதுங்கியவை இத்துணை என்று பைடெஸ்ட் எண்ணிக்கை சொல்லும். அவற்றுள் தவறி ஒதுங்கியவை எவை என்று அதற்குத் தெரியாது. சிக்கியவை எல்லாம் தேறிவிட்டன என்று மகிழ்ந்து முகவனைப் பணிக்கு விட்டுவிடுவோம். ஓட்டப்படாத காட்சியில் இருந்தவர் அந்தப் புல எண் தவறிய உழவர்!

சிக்கலுக்கு அஞ்சிச் சிலர் தமிழ்க்காட்சிகளுக்கும் ஆங்கிலப் பெயரே இடுகின்றனர். பேச்சு தமிழ், ஆய்வு தமிழ், பெயர்மட்டும் அயல்! அவ்வாறு செய்ய வேண்டா. எழுதுமுன்னும் தேடுமுன்னும் பெயர்களை ஒருங்குறியின் ஒருமையாக்க முறையால் ஒரே வடிவுக்குக் கொணருங்கள். பைத்தானிலேயே அதற்கு வழியுண்டு. பதிற்றுப்பத்தில் உள்ளதுபோல் ஒவ்வொரு காட்சிக்கும் துறைக்குறிப்பும் இடுங்கள். ஓட்டுமுன் பட்டியலை எண்ணி, எழுதியவற்றின் தொகையோடு ஒத்துப்பாருங்கள்.

மேடைக்கு வலப்பக்கம் என் மாணவர் மடிக்கணினியோடு அமர்ந்திருக்கின்றார். நாங்கள் எழுதிய நாற்பது காட்சிகள் அதில் உள்ளன. ‘தோப்பு’ என்று நீங்களே தட்டிப் பாருங்கள், ஏழு வரவேண்டும். குறைந்தால் என்னிடம் சொல்லுங்கள்.